நிலக்கரிச் சுரங்கங்கள் – கைவிட்ட பிறகு

கரோல் பாக்கில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தஞ்சாவூர்க் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அஜ்மல் கான் ரோடு கூட்டத்தில் இடிபட்டுக் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிய என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"மாமா, நீங்க அஸன்ஸோல்ல ரொம்ப வருஷம் இருந்தீங்களாமே, அப்பா சொன்னார். தன்பாத் பக்கம் மூடிப்போன கரிச் சுரங்கம் நிறைய இருக்காம். நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் லீவுல போய் உள்ளே இறங்கி போட்டோ எடுக்கலாம்னு இருக்கோம். எதுல இறங்கினா நன்னா இருக்கும்?"

"எதிலும் இறங்கக் கூடாது" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "போகவே வேண்டாம்னு சொல்லலை. அவசியம் போ. இறங்காமல் பார்க்கவும் படம் எடுக்கவும் அங்கே நாலு நாளைக்கு விஷயம் இருக்கு. உட்கார், சொல்றேன்" என்று உள்ளே அழைத்தேன். இரண்டு டம்ளர் காபியும் இரண்டு மணி நேரமும் ஆயிற்று. அதையே எழுதிக் கொடுத்தால் நம் சங்கத்துப் பிள்ளைகள் மற்றவர்களுக்கும் உதவும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை. நான் சுரங்க இன்ஜினீயர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்சியில் சிவில் டிப்ளமா முடித்து, 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தைக் கட்டிக்கொண்டு அழுதவன். ஆனால் அஸன்ஸோல் பக்கத்தில் தண்டவாளத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் அடியில் இருக்கும் சுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

கரியும் ரயிலும்

இந்தியாவில் நிலக்கரி வெட்டத் தொடங்கியது 1774-ல். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஸம்னர், ஹீட்லி என்ற இருவர் தாமோதர் நதிக்கரையில் ராணிகஞ்ச் பகுதியில் அதைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் அது பெரிதாக நடக்கவில்லை. 1836-ல் ராணிகஞ்ச் சுரங்கத்தை வாங்கியவர் துவாரகநாத் தாகூர். மகாகவி ரவீந்திரநாத்தின் பாட்டனார். கவியின் குடும்பத்துக்குக் கரியில் பங்கு இருந்தது என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். அவருடைய கம்பெனி வெட்டிய கரி படகிலேறித் தாமோதர் வழியாகக் கல்கத்தா போயிற்று. ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில்தான் வியாபாரம். 1855 பிப்ரவரி 3-ஆம் தேதி ஹௌராவிலிருந்து ராணிகஞ்ச் வரை ரயில் ஓடத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. ரயில் கரியைச் சுமந்தது, கரி ரயிலை ஓட்டியது. கரிச் சுரங்கங்களையே ரயில்வே சொந்தமாக வைத்துக்கொண்டதும் உண்டு. கிரிடியில் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் சுரங்கங்கள் இருந்தன. 1956-ல் தேசிய நிலக்கரி வளர்ச்சிக் கழகம் அமைந்தபோது, அதற்கு மூலதனமாகக் கிடைத்தவை ரயில்வேயின் 11 சுரங்கங்கள்தாம். அகல ரயில்பாதையில் நீராவி எஞ்சின் ஓய்ந்தது 1995-ல். நான் சேர்ந்த புதிதில் பழைய டிரைவர்கள் கரித் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தே "இது தீஷேர்கர் கரி" என்று, நம் ஊரில் அரிசியைப் பார்த்துப் பொன்னி என்று சொல்வதுபோல், சொல்லிவிடுவார்கள்.

இரண்டு நூற்றாண்டுகள் வெட்டிய இடத்தில், வெட்டி முடித்துவிட்டுப் போன குழிகளும் அவ்வளவு இருக்கத்தானே செய்யும்?

தூணும் அறையும்

பழைய சுரங்கம் உள்ளே எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரி பூமிக்குள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கிறது. ஓர் அடுக்கு சில அடி கனமும் இருக்கும், பல மீட்டர் கனமும் இருக்கும். அந்த அடுக்குக்குள் நாலைந்து மீட்டர் அகலத்தில் நேராக ஒரு பாதை வெட்டுவார்கள். அதற்கு இணையாக இன்னொன்று. பிறகு குறுக்கே பாதைகள். சதுரம் சதுரமாக நடுவில் மிஞ்சும் கரிதான் தூண். மேலே உள்ள பூமியை அவை தாங்குகின்றன. இந்த முதல் வெட்டில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கரிதான் வெளியே வரும். மீதியெல்லாம் தூணாக நிற்கும்.

ஆயிரங்கால் மண்டபத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். அங்கே தூண் கல். இங்கே தூணே பணம். எல்லையை அடைந்ததும் பின்வாங்கிக்கொண்டே தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். ஒரு தூணை எடுத்தால் கூரை இறங்கும். இறங்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த தூணுக்கு வருவார்கள். இறங்கிக் கிடக்கும் பகுதிக்குச் சுரங்க பாஷையில் 'கோஃப்' என்று பெயர். மேலே குடியிருப்போ ரயில்பாதையோ இருந்தால் தூணை எடுத்த இடத்தில் தாமோதர் மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே அனுப்பி நிரப்ப வேண்டும். ரயில்பாதைக்கு 45 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் வெட்டவே கூடாது என்றும் விதி இருந்தது. விதிப்படி எல்லோரும் நடந்தார்களா என்று கேட்டால், எங்கள் கீமேன்களைத்தான் கேட்க வேண்டும். நேற்று மட்டமாக இருந்த தண்டவாளம் இன்று காலை இரண்டங்குலம் தாழ்ந்திருக்கும். வண்டிகளை மெதுவாக விட உத்தரவு போட்டுவிட்டு, ஜல்லியை அடித்து ஏற்றி, சுரங்க அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது என் இளமைப் பருவத்தின் பெரும் பகுதி.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரி ஒரே அடுக்கில் இல்லை. ஜரியாவில் கீழிருந்து மேலாக ஒன்று முதல் பதினெட்டு வரை எண்ணிட்டு அழைக்கிறார்கள். மேலே இருப்பது எளிதில் கிடைக்கும் என்பதால் பல இடங்களில் அதைத்தான் பாட்டன் காலத்தில் வெட்டினார்கள். பேரன் அதற்குக் கீழே வெட்டுகிறான். அதாவது, கைவிட்ட சுரங்கம் பல இடங்களில் வேலை நடக்கும் சுரங்கத்தின் தலைக்கு மேல் இருக்கிறது.

காலி வீடு அல்ல

நம் பிள்ளைகள் செய்யும் பிழை, கைவிட்ட சுரங்கத்தைக் காலியான வீடு என்று நினைப்பது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் தூசியும் வௌவாலும்தான் குடி வரும். சுரங்கத்தில் பம்ப்பை நிறுத்திய அன்றே தண்ணீர் குடி வருகிறது. மின்விசிறியை நிறுத்திய அன்றே கெட்ட காற்று வருகிறது. சில இடங்களில் நெருப்பும் வரும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். 1975 டிசம்பர் 27. தன்பாத்தை அடுத்த சாஸ்நாலா சுரங்கத்தில் கீழே வேலை நடந்துகொண்டிருந்தபோது, மேலே பழைய வெட்டில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிற்று. 372 பேர் மாண்டனர். இந்தச் சம்பவத்தின் பாதிப்பில்தான் 1979-ல் அமிதாப் நடித்த 'காலா பத்தர்' படம் வந்தது. 2001 பிப்ரவரி 2-ஆம் தேதி பாக்டிகியில் பக்கத்துக் கைவிட்ட சுரங்கத்தின் தண்ணீர் புகுந்து 29 பேர் இறந்தார்கள். வருஷங்கள் போனாலும் கதை மாறவில்லை: 2018 டிசம்பரில் மேகாலயாவில் க்ஸான் என்னுமிடத்தில் எலிவளை போன்ற சுரங்கத்தில் 15 பேர் தண்ணீரில் அகப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

நடுவில் ஒன்றை நான் அருகிலிருந்து பார்த்தேன். 1989 நவம்பர் 13, ராணிகஞ்சில் மகாவீர் சுரங்கம். இரவில் வெடி வைத்தபோது பழைய வெட்டுக்கும் புதிய வெட்டுக்கும் இடையில் இருந்த தடுப்பு பிளந்து தண்ணீர் புகுந்தது. கீழே இருந்த 220 பேரில் பெரும்பாலோர் மேலே வந்துவிட்டார்கள். 71 பேர் சிக்கிக்கொண்டார்கள். அஸன்ஸோல் முழுக்க வேறு பேச்சே இல்லை. எங்கள் ஸ்டேஷன் டீக்கடையில்கூட எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்க இன்ஜினீயர், மேலிருந்து ஒரு புதுத் துளை போட்டு, அதற்குள் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இரும்புக் கூண்டு செய்து இறக்கலாம் என்றார். துளையின் விட்டம் ஏறத்தாழ இரண்டடி. முதல் ஆளாகத் தானே அதில் நின்று இறங்கினார். ஒவ்வொருவராக 65 பேரை அனுப்பிவிட்டுக் கடைசியில் அவர் ஏறினார். ஆறு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. 2010-ல் சிலி நாட்டில் 33 பேரைக் கூண்டு இறக்கி மீட்டபோது உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு 21 ஆண்டுகள் முன்பே அதே யோசனை ராணிகஞ்சில் பலித்திருந்தது. பார்க்கத்தான் தொலைக்காட்சி இல்லை. கில் 2019-ல் காலமானார்.

இந்தச் சம்பவங்களுக்குப் பின்னால் ஒரே கேள்வி நிற்கிறது. பழைய வெட்டு எது வரை வந்திருக்கிறது? அதற்குப் பதில் சொல்வது வரைபடம். தண்ணீர் தேங்கிய பழைய வெட்டுக்கு 60 மீட்டருக்குள் நெருங்கினால் தனி அனுமதி பெற வேண்டும், முன்கூட்டியே துளையிட்டுச் சோதித்துக்கொண்டு போக வேண்டும் என்று 1957-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க விதிகள் சொல்லின. பழைய வெட்டு எங்கே முடிகிறது என்று தெரியாதவனுக்கு அறுபது மீட்டரை எங்கிருந்து அளப்பது? 1972-லும் 1973-லும் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டபோது கைக்கு வந்தவை 900-க்கும் மேல். பல சிறு முதலாளிகளுடையவை. சிலர் ஒழுங்காக சர்வே செய்திருந்தார்கள். சிலர் எல்லைக்கு அப்பாலும் கை நீட்டிவிட்டு, படத்தில் மட்டும் எல்லைக்குள் நின்றுகொண்டார்கள். சுரங்கத்தை மூடும்போது அதன் கடைசி நிலை வரைபடத்தைத் தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்துக்கு அனுப்ப வேண்டும். 1902-ல் கல்கத்தாவில் தொடங்கி 1908-ல் தன்பாத்துக்கு வந்த அலுவலகம் அது. என்னைக் கேட்டால் அந்தப் பழைய லினன் துணி வரைபடங்கள் சோழர் செப்பேடுகளுக்குக் குறைந்தவை அல்ல என்பேன். செப்பேட்டில் ஓர் எல்லை தவறினால் வழக்கு வரும். இதில் தவறினால் பிணம் வரும்.

கெட்ட காற்று

இனி எங்கள் சொந்தக் கதை. 1980-களின் நடுவில் நாங்கள் நால்வர் ஒரு கோஷ்டி. நான், ரயில்வே கணக்குத் துறையில் இருந்த ஒரு திருநெல்வேலி நண்பர், ஒரு வங்காளி லோகோ டிரைவர், கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியர். ஓய்வு நாட்களில் பழைய சுரங்கங்களைத் தேடிப் போவோம். ஒரு யாஷிகா கேமரா, ஒரு முப்பது மீட்டர் டேப், நைலான் கயிறு, எலுமிச்சஞ்சாதம். படச்சுருள் ஒன்றில் 36 படம். அதை மூன்று மாதம் வைத்துக்கொள்வோம்.

1986 ஏப்ரலில் ஒரு நாள் மதியம், மூடிப் பல வருஷமான ஒரு சாய்வுச் சுரங்கத்தின் வாய்க்குப் போனோம். பெயர் வேண்டாம். செங்கல் வளைவு, அதன் கீழே படிகள் சரிவாக இருட்டுக்குள் இறங்கின. வேலி என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக இரண்டு கம்பம் மட்டும். உள்ளிருந்து வெளியே பார்த்து, வளைவுக்குள் வானம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தால் பிரமாதமாக இருக்கும் என்று கணக்குத் துறை நண்பருக்குத் தோன்றிவிட்டது. பேராசிரியர் வேடிக்கையாக, "திரும்பி வர மறந்துவிடப் போகிறீர்கள்" என்று கயிற்றின் ஒரு நுனியை அவர் இடுப்பில் கட்டினார். வேடிக்கைக்குத்தான். எங்களில் ஒருவருக்காவது அது தேவைப்படும் என்ற நினைப்பு இல்லை.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வங்காளத்தில் கால்பைசாகி என்பார்கள், சித்திரை வைகாசியில் மாலையில் வரும் புயல் மழை. வெளிச்சம் போவதற்குள் எடுத்துவிடலாம் என்று நண்பர் அவசரமாக இறங்கினார். பதினைந்து படி, இருபது படி. "என்னவோ தலை கனக்கிறது" என்றார். பிறகு குரல் இல்லை. பார்த்தால், யாரோ சொன்னதுபோல் படியிலேயே மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

நான் இறங்கப் பாய்ந்தேன். பின்னாலிருந்து ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர். "ஹவா கராப்! மத் ஜானா!" என்று கத்தினார். கயிற்றைக் காட்டினார். நாலு பேருமாகப் பிடித்து இழுத்தோம். நண்பரின் முதுகும் முழங்கையும் படியில் உராய்ந்து ரத்தமாகிவிட்டன. வெளிக்காற்று பட்டு ஐந்து நிமிடத்தில் கண்ணைத் திறந்தார். அன்று கயிறு இல்லாதிருந்தால் நான் இறங்கியிருப்பேன், என் பின்னால் டிரைவர் இறங்கியிருப்பார். கேமரா மட்டும் கீழே நின்றுவிட்டது. அதை எடுக்க யாரும் போகவில்லை.

கிழவர் முப்பது வருஷம் 'மல்கட்டா'வாக இருந்தவர், அதாவது கரி வெட்டுபவர். புயல் வரும்போது பழைய கனி மூச்சு விடும் என்று எங்களுக்கு விளக்கினார். பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த பாடம்தான் அது. புயலுக்கு முன் காற்றழுத்தம் குறைகிறது. சுரங்கத்துக்குள் அடைந்து கிடக்கும் காற்று அப்போது விரிந்து வாய் வழியே வெளியே வருகிறது. அழுத்தம் கூடினால் சுரங்கம் உள்ளே மூச்சு இழுக்கும். காலையில் ஒன்றும் ஆகாமல் நின்ற அதே படியில் மாலையில் மயக்கம் வருவது இதனால்தான்.

உள்ளே அடைந்திருப்பது என்ன? கரி, காற்றிலுள்ள பிராணவாயுவைத் தானே மெல்ல உறிஞ்சிவிடுகிறது. மிஞ்சுவது நைட்ரஜனும் கரியமில வாயுவும். இது பொதுவாகக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். நிறமில்லை, வாசனையில்லை. சாதாரணக் காற்றில் பிராணவாயு 21 சதவீதம். 16 சதவீதத்துக்கு இறங்கினால் விளக்குச் சுடர் அணைந்துவிடும். பத்துக்குக் கீழே மனிதன் விழுந்துவிடுவான், கூப்பிடக்கூட நேரம் இருக்காது. நம் ஊரில் தூர்ந்துபோன கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். வேப்பங்கொத்தை மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலைப்பார்கள். அதே அறிவுதான். ஆனால் கிணற்று வைத்தியத்தை இங்கே செய்யக் கூடாது. ஏனென்றால் சுரங்கத்தில் இன்னொரு வாயுவும் உண்டு, மீத்தேன். அது காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். விளக்கு மட்டுமல்ல, கேமரா ஃப்ளாஷ், செல்போன் எதுவும் அந்தப் பொறியாகலாம். வேல்ஸ் நாட்டில் பிக் பிட் என்ற சுரங்கத்தை 1980-ல் மூடி, 1983-ல் காட்சிக்குத் திறந்தார்கள். பார்வையாளர்கள் இறங்குமுன் தீப்பெட்டி, கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். காற்று ஓட்டமும் காவலும் உள்ள சுரங்கத்திலேயே இந்தக் கட்டுப்பாடு.

நெருப்பு

ஜரியாவில் முதல் நெருப்பு பதிவானது 1916-ல். நூறாண்டுக்கு மேலாகியும் நிலத்தடியில் எரிந்துகொண்டிருக்கிறது. யாரும் கொளுத்தவில்லை. விட்டுப்போன தூண்கள் நொறுங்கித் தூளாகின்றன. கூரை இறங்கியதால் மேலே தரை பிளக்கிறது. பிளவு வழியே காற்று போகிறது. தூள் கரி காற்றை உறிஞ்சிச் சூடாகி, தானே பற்றிக்கொள்கிறது. வைக்கோற்போர் ஈரத்தில் உள்ளுக்குள் வெந்து பற்றிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலே ஊர் இருக்கிறது. அங்கிருந்து மக்களைக் குடிபெயர்க்க 2009-ல் ஒரு திட்டம், 2025-ல் திருத்திய திட்டம்.

எங்கள் துறையையும் அது விடவில்லை. தன்பாத்–சந்திரபுரா பாதை, 34 கிலோமீட்டர், அடியில் நெருப்பு என்று 2017 ஜூன் 15-ஆம் தேதி மூடப்பட்டது. 2019-ல் மீண்டும் வண்டி ஓட விட்டார்கள். பாதை போட்டவனுக்குப் பாதையை மூடுகிற செய்தி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெருப்புள்ள தரையைக் கண்டுபிடிக்க எங்கள் கேங்மேன்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மார்கழிக் காலையில் புல்லெல்லாம் பனி பிடித்திருக்கும்போது, ஓரிடத்தில் மட்டும் தரை உலர்ந்து கிடந்தால் அங்கே கால் வைக்காதே.

எதைப் படம் எடுப்பது

இத்தனையும் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை, "அப்போ வெளியே நின்னு என்ன மாமா எடுக்கிறது?" என்றான். நியாயமான கேள்வி.

ஜெர்மனியில் பெக்கர் என்ற தம்பதியர், பெர்ன்ட், ஹில்லா என்று பெயர், பல பத்தாண்டுகள் சுரங்கங்களின் தூக்குக் கோபுரங்களைத் தேடித்தேடிப் படம் எடுத்தார்கள். கூண்டை இறக்கி ஏற்றும் பெரிய சக்கரங்கள் மேலே நிற்குமே, அந்தக் கோபுரம். வெயில் இல்லாத மூட்டமான நாளில், நேருக்கு நேர், ஒரே மாதிரி. ஒன்பது கோபுரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருப்பது தெரியும். 1990-ல் வெனிஸ் கலைக் காட்சியில் அவர்களுக்குப் பரிசு கிடைத்தது, புகைப்படத்துக்கு அல்ல, சிற்பத்துக்கு! அவர்கள் எடுத்தவற்றில் பல கோபுரங்கள் பின்னால் இடிக்கப்பட்டுவிட்டன, படம்தான் மிச்சம். நம் நாட்டிலும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கம் வரும்போது பழைய கோபுரம், எஞ்சின் வீடு, விளக்கு அறை, தொழிலாளர் குடியிருந்த 'தௌரா' வரிசை எல்லாம் இரும்புக் கடைக்கும் செங்கல் குவியலுக்கும் போய்விடுகின்றன. தாமோதர் கரையில் நாராயண்குரியில் தாகூர் கம்பெனி காலத்துப் படித்துறையின் சிதிலங்கள் உண்டு. பார்க்க வேண்டியவை அவை.

நான் சொல்லும் முறை பெக்கர் முறை அல்ல, சர்வேக்காரன் முறை. ஒரு நிலையான இடத்தைத் தேர்ந்தெடு. ரயில்வேயின் கிலோமீட்டர் கல், பாலத்தின் கைப்பிடிச் சுவர், இப்படி நகராத ஒன்று. அதிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று எழுதி வைத்துக்கொண்டு படம் எடு. ஓர் ஆளையோ அடிக்கோலையோ படத்துக்குள் நிறுத்து, அளவு தெரியட்டும். தேதியும் நேரமும் எழுது. அடுத்த வருஷம் அதே இடத்திலிருந்து அதே படம். பத்து வருஷத்தில் பூமி எவ்வளவு இறங்கியது என்பதை அந்தப் படங்களே சொல்லும். சுரங்க மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள். மழைக்காலத்தில் போகாதே. செங்குத்துக் குழியின் விளிம்புக்கே போகாதே. உள் செங்கல் உதிர்ந்து விளிம்பு வெறும் மண்ணாய்த் தொங்கும்.

ஒரு கெட்டிக்காரப் பிள்ளைக்குச் செய்ய இன்னொரு வேலையும் இருக்கிறது. அங்கே கிழவர்கள் இருக்கிறார்கள். எந்த வாய் எப்போது மூடியது, கீழே எது வரை வெட்டினார்கள் என்று காலால் நடந்து அறிந்தவர்கள். படத்தோடு அதையும் எழுதிக்கொண்டு வந்தால், வரைபடத்தில் இல்லாத ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும்.

பழைய வாய்களில் இறங்கித் திருட்டுக் கரி எடுப்பவர்களும் எதிர்ப்படுவார்கள். சைக்கிளில் இருநூறு கிலோ வரை மூட்டை கட்டி, மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு போவார்கள். அவர்களைக் கேட்காமல் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. நமக்கு அது ஒரு படம், அவர்களுக்குப் போலீஸ் சாட்சி. நாம் பொழுதுபோக்காக எட்டிப் பார்க்கிற குழியில் அவர்கள் சோற்றுக்காக இறங்குகிறார்கள். கூரை விழுந்து செத்தாலும், சட்டத்துக்குப் பயந்து பிணத்தைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தன்பாத் வரை போக முடியாதவர்கள் ஊருக்குப் போகும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பல்லார்ஷா தாண்டியதும் ஜன்னலோரம் உட்காரலாம். பெல்லம்பல்லி, மஞ்சிரியால், ராமகுண்டம் எல்லாம் சிங்கரேணி கரி பூமி. 1889-ல் எல்லந்துவில் வெட்டத் தொடங்கியதன் தொடர்ச்சி. வண்டி தாமதமாகப் போனால் கோபிக்காமல் பாருங்கள். நாகபுரிக்கு அருகே சாவ்னேரில், பார்வையாளர்களை முறைப்படி உள்ளே அழைத்துப்போகும் சுற்றுலாவை 2016-ல் தொடங்கினார்கள். இறங்கியே தீர வேண்டும் என்பவர்கள் அந்த மாதிரி இடத்தை விசாரித்துப் போவதுதான் முறை. நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் என்றால் கோலார் தங்க வயல். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது, 2001 பிப்ரவரி 28-ல் மூடியது. அது தனிக் கட்டுரைக்கு உரியது. அங்கே பிறந்தவர்கள் நம் சங்கத்திலேயே இருந்தால் அவர்கள்தான் எழுத வேண்டும்.

பிள்ளை கிளம்புமுன் என் ஆல்பத்தைக் காட்டினேன். அந்தச் சாய்வுச் சுரங்கத்தின் வாயை நான் நாலு முறை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எதிரே இருக்கும் பழைய சைடிங்கின் முட்டுக்கட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எடுத்தவை. 1986 ஜனவரியில், அதாவது அந்தச் சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்பு, வளைவின் பக்கச் சுவரில் 22 வரிசைச் செங்கல் எண்ணலாம். 1990-லும் 22. 2003-ல் அஸன்ஸோலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன் எடுத்தது, 15 வரிசைதான் தெரிகிறது. வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 2017-ல் வளைவே இல்லை. வட்டமாக ஒரு குட்டை, அதில் ஆகாயத்தாமரை, கரையில் இரண்டு ஆடு. பிள்ளை பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு மூன்றாவது படத்தில் செங்கல்லைத் தானே ஒரு முறை எண்ணினான். "பதினாலுதான் வருது மாமா" என்றான். நானும் மறுபடி எண்ணினேன். அவன் சொன்னதுதான் சரி. ஆல்பத்தில் திருத்தி எழுதிவிட்டேன். "அந்த கேமரா?" என்று கேட்டான். அங்கேயேதான் இருக்கிறது. சுருளில் 19 படம் எடுத்திருந்தோம் என்று நினைவு.